கிரிவலப் பாதையில் இரு அயலார்

திருவண்ணாமலையில் அண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்தில் கிளம்பி, மலையை வலக்கைப் பக்கம் வைத்து நடப்பவர் கால் வலிக்கத் தொடங்கும் முன்பே செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைக் கடந்துவிடுவார். மார்கழி, தை மாதங்களில் அந்தப் பகுதித் தேநீர்க் கடைகளில் தமிழோடு ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன் எல்லாம் காதில் விழும். வெள்ளைப் பருத்தி உடையில் ஸ்கூட்டரில் போகும் ஐரோப்பியப் பெண்களை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிப்போன காட்சி.

இன்னும் நடந்து மலைக்கு மேற்கே வந்தால் அடிஅண்ணாமலை. அந்த ஊர் வட்டாரத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 'அகதி' என்ற சொல்லை முகாம்களின் பெயரிலிருந்து தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டது. ஆனாலும் ஊரார் வாயில் இன்றும் அது 'அகதி முகாம்', அல்லது வெறும் 'கேம்ப்'. நிலவொளியில் பாதையை நிறைத்துப் போகும் லட்சக்கணக்கான பக்தர்களில் பெரும்பாலோர்க்கு அப்படி ஒன்று அங்கே இருப்பதே தெரியாது.

சட்டத்தின் கண்ணில் இந்த இரு தரப்பும் ஒன்றுதான். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டமானாலும், அதன் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டமானாலும், இந்தியக் குடியுரிமை இல்லாத எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: வெளிநாட்டினர். பாரிஸிலிருந்து போன வாரம் வந்து இறங்கியவர் வெளிநாட்டினர். 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவருக்கு இங்கே அரசு மருத்துவமனையில் பிறந்த பேத்தியும் வெளிநாட்டினர். ஒரே மலையடிவாரத்தில், ஒரே சட்டப் பெயரோடு வாழும் இவர்களின் வாழ்க்கை நிலை மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தில் இருக்கிறது. அது ஏன் என்று கேட்டால், குடியேற்றம் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் பல இங்கே செல்லுபடியாகாமல் போகின்றன.

குடியேறிய சமூகங்களை ஒப்பிடும் ஆய்வாளர்கள் சில அளவுகோல்களைக் கையில் வைத்திருக்கிறார்கள். என்ன படித்திருக்கிறார்கள், போன நாட்டின் மொழி தெரியுமா, எத்தனை ஆண்டுகள் ஆயின, ஏற்கெனவே அங்கே உறவினர் உண்டா. அமெரிக்காவிலுள்ள பூட்டானியரையும் ரஷ்யரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த அளவுகோல்கள் அழகாகப் பொருந்தும்.

பூட்டானியர் என்று அமெரிக்காவில் அறியப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் நேபாளி மொழி பேசும் லோட்சாம்பாக்கள். தெற்குப் பூட்டானின் விவசாயிகள். 1985-இல் வந்த குடியுரிமைச் சட்டம் 1958 முடிவதற்குள்ளேயே பூட்டானில் வசித்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1988-இல் நடந்த கணக்கெடுப்பில் பலர் 'குடிமக்கள் அல்லாதோர்' பட்டியலில் விழுந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பேர் வரை வெளியேற்றப்பட்டு, இந்திய மண்ணைக் கடந்து, கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்டங்களின் முகாம்களில் மூங்கில் குடிசைகளில் ஒதுங்கினார்கள். பதினேழு, பதினெட்டு ஆண்டு முகாம் வாழ்க்கைக்குப் பிறகு, 2008 முதல் எட்டு நாடுகள் அவர்களை ஏற்கத் தொடங்கின. மொத்தம் 1,13,000-க்கும் மேற்பட்டோர் இப்படிப் போனார்கள். அதில் அமெரிக்கா மட்டும் 96,000 பேர் அளவுக்கு எடுத்துக்கொண்டது. முதியவர்கள் பலருக்குப் பள்ளிக்கூட வாசனையே கிடையாது. ஓட்டல் அறை சுத்தம் செய்வது, இறைச்சித் தொழிற்சாலை, கிடங்கு வேலை என்றுதான் வாழ்க்கை தொடங்கியது.

ரஷ்யர் கதை வேறு. 1970-களில் சோவியத் யூதர்கள் நியூயார்க்கின் பிரைட்டன் பீச்சை நிரப்பினார்கள். 1989-இல் இயற்றப்பட்ட லாட்டன்பெர்க் திருத்தம் அவர்களுக்கு அகதி அந்தஸ்து கிடைப்பதை எளிதாக்கியது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு விஞ்ஞானிகளும் கணினிப் பொறியாளர்களும் வேலை விசாவில் போனார்கள். பொறியாளர் டாக்சி ஓட்டிய ஆண்டுகள் இருந்தன. ஆனால் பட்டம் கையில் இருந்ததால் ஒரு தலைமுறைக்குள் பெரும்பாலோர் நடுத்தர வர்க்கத்துக்கு ஏறிவிட்டார்கள். ஆக, படித்தவர் மேலே, படிக்காதவர் கீழே. விளக்கம் முடிந்தது என்று தோன்றும்.

அதே அளவுகோலைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்தால் எல்லாம் தலைகீழாகிறது. முகாமில் இருப்பவர்களுக்கு ஊர் மொழிதான் தாய்மொழி. கோயில் அவர்களுக்கும் கோயில். அண்ணாமலையில் தீபம் ஏறும் நாளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் விளக்கீடு. வந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் முகாம் மக்களுக்கு உள்ள பிடிவாதத்தை அவர்களோடு பழகிய எந்த ஆசிரியரும் சொல்வார். மொழி, சமயம், காலம், கல்வி ஆகிய நான்கும் அவர்கள் பக்கம். ஆசிரமத்தை ஒட்டிய ரமண நகரில் பத்து, இருபது ஆண்டாக வந்துபோகும் பல மேலைநாட்டவருக்குத் தமிழில் விலை கேட்கக்கூட வராது. அப்படியிருந்தும் இவர் வாடகை வீட்டின் மாடியில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். முகாம்காரர் பெயின்ட் டப்பாவோடு காலையில் வேலை தேடி நிற்கிறார்.

மேலைநாட்டவரின் வருகை ஆசிரமத்துக்குப் பெயர் தந்த ரமண மகரிஷியோடு தொடங்கியது என்று சொன்னால் ஊரின் டேனிஷ் மிஷன் பள்ளிக்கு அநியாயம் செய்ததாகும். பாதிரிமார் அதற்கும் முன்பே வந்தவர்கள். ஆனால் மலையை நாடி வந்தவர்களின் வரிசை 1911-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வேலூரில் காவல்துறைப் பயிற்சியில் இருந்த பிராங்க் ஹம்ப்ரீஸ் விரூபாட்ச குகையில் ரமணரைச் சந்தித்தார். 1931-இல் வந்த பால் பிரண்டன் 1934-இல் வெளியிட்ட நூல் திருவண்ணாமலையின் பெயரை ஐரோப்பாவெங்கும் கொண்டுபோனது. 1935 நவம்பரில் வந்த மேஜர் சாட்விக் 1962-இல் இறக்கும்வரை ஆசிரமத்திலேயே வாழ்ந்தார். 1938-இல் சாமர்செட் மாம் வந்து போனார். சுவிட்சர்லாந்தின் பயண எழுத்தாளர் எல்லா மையார் உலகப் போர்க்காலத்தில் இங்கே தங்கியிருந்தார்.

இவர்கள் எல்லாரையும் வசதி படைத்த விருந்தாளிகளாக நினைத்துவிடக் கூடாது. ஆர்தர் ஆஸ்போர்ன் குடும்பத்தின் கதையை இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பாங்காக்கில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆங்கிலேயர் அவர். மனைவி லூசியா போலந்துக்காரர். 1941-இல் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் திருவண்ணாமலைக்கு அனுப்பிவிட்டு அவர் பாங்காக்கிலேயே தங்கினார். ஜப்பானியர் வந்து பிடித்து முகாமில் அடைத்தார்கள். தகப்பன் முகாமில், பிள்ளைகள் மலையடிவாரத்தில். போர் முடிந்து 1945-இல்தான் அவர் இங்கே வந்து சேர்ந்தார். பிறகும் பிழைப்புக்காகச் சென்னையில் பத்திரிகை வேலை, கல்கத்தாவில் பள்ளி வேலை என்று அலைந்து, கடைசியில் திரும்பி வந்து 1964 ஜனவரியில் 'மௌண்டன் பாத்' இதழைத் தொடங்கினார். போர் துரத்திய ஒரு குடும்பத்துக்கு இந்த ஊர் அன்றே அடைக்கலம் கொடுத்திருக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து வேறொரு போர் துரத்திய குடும்பங்களுக்கு அதே ஊர் என்ன கொடுத்தது என்பதை ஒப்பிடும்போது ஆஸ்போர்ன் குடும்பத்தை மறக்கக் கூடாது.

இன்றைய ரமண நகருக்கு அடித்தளம் போட்டது 1990-கள். ரமணரின் சீடரும் லக்னோவில் 'பப்பாஜி' என்று பெயர் பெற்றவருமான பூஞ்ஜா 1997-இல் மறைந்தார். அவரைச் சுற்றியிருந்த மேலைநாட்டுச் சீடர்களில் கணிசமானோர் அவரது குருவின் மலையைத் தேடி வந்தார்கள். மேலைநாட்டு ஆசிரியர்களே இங்கு வந்து சத்சங்கம் நடத்தும் வழக்கம் வேரூன்றியது. நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும் அந்தக் காலத்துக்கு ஊர்க்காரர் வைத்த பெயர் 'சீசன்'. சீசன் வந்தால் ஆட்டோவுக்குச் சவாரி, வீட்டுக்காரருக்கு வாடகை, சமையலுக்கும் பாத்திரத்துக்கும் பெண்களுக்கு வேலை. சித்திரை வெயில் தொடங்கியதும் பெரும்பகுதி காலி.

இவர்களின் பொருளாதாரம் ஒரு வினோதமான பொருளாதாரம். இங்கே அவர்கள் சம்பாதிப்பதில்லை. சுற்றுலா விசாவில் சம்பாதிக்கவும் கூடாது. வருமானம் வேறு நாட்டில், வேறு நாணயத்தில் பிறக்கிறது. செலவு மட்டும் ரூபாயில். ஐரோப்பாவில் சாதாரண ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் செவிலியர் அங்கே சிக்கனமாக வாழ வேண்டியவர். இங்கே சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ள முடிகிறது. அவருடைய உழைப்போ படிப்போ இந்த மாற்றத்தைச் செய்யவில்லை. நாணய மாற்று விகிதம் செய்தது.

அந்த வசதி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது 2022-இல் தெரிந்தது. உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் தொழிலை நிறுத்தின. மார்ச் 10 முதல் ரஷ்ய வங்கிகள் கொடுத்த அந்த நிறுவன அட்டைகள் வெளிநாட்டு ஏடிஎம் எதிலும் வேலை செய்யவில்லை. அதுவரை மற்ற வெள்ளையரைப் போலவே பணம் எடுத்துக்கொண்டிருந்த ரஷ்யப் பயணிகள் கையிலிருக்கும் ரொக்கத்தை எண்ணிச் செலவு செய்யும் நிலைக்கு வந்தார்கள். படிப்பு அதே படிப்பு. ஊரிலிருக்கும் வீடு அதே வீடு. பாஸ்போர்ட்டின் நிறம் மட்டும் விலை இறங்கியது.  பணம் பாதுகாப்பும் ஆகாது. 2018 ஜூலையில் ரஷ்யப் பெண் ஒருவரும், 2025 மார்ச்சில் பிரெஞ்சுப் பெண் ஒருவரும் இதே ஊரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்குகள் ஊர்க்காரர்களைத் தலைகுனிய வைத்தவை.

முகாமின் கதை 1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்குகிறது. 1983 முதல் 1987 வரை ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர்; 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டதும் மீண்டும் ஒரு லட்சத்துக்கும் மேல்; 1996-லும் 2006-லும் அடுத்தடுத்த அலைகள். போர் முடியும்வரை மொத்தம் மூன்று லட்சம் பேர் வரை பாக் நீரிணையைக் கடந்தார்கள். தனுஷ்கோடி மணல் திட்டில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து மாவட்ட வாரியாகப் பிரித்து அனுப்பினார்கள். கடலையே பார்த்து வளர்ந்த மன்னார் மீனவர் மழைக்கு ஏங்கும் உள் மாவட்டங்களுக்கு வந்தது இப்படித்தான். அவர் கேட்டு வந்த ஊர் இல்லை. மலையின் அழைப்பால் வந்தோம் என்று ரமண நகரில் சொல்வார்கள். முகாமில் தாசில்தார் போட்ட பட்டியலில் பெயர் இருந்தது.

தங்குவதற்குத் தந்தது பத்துக்குப் பத்து அடி அறை. தற்காலிகம் என்று சொல்லித்தான் கட்டினார்கள். அதில் பிள்ளை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்தது. தடுப்புக்குப் புடவை, குளிக்க ஓலை மறைப்பு, பொதுக் குழாயில் வரிசை. குறிப்பிட்ட நாட்களில் 'செக்கிங்' உண்டு. வருவாய்த்துறை அலுவலர் வரும்போது குடும்ப உறுப்பினர் எல்லாரும் நேரில் நின்று தலை காட்ட வேண்டும். வெளியூரில் வேலைக்குப் போனவர் அன்று திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் பதிவுக்கு ஆபத்து. இதனாலேயே மாதச் சம்பள வேலைகளை விட்டவர்கள் உண்டு. அன்றாடக் கூலியில் வரவும் போகவும் முடிகிற வேலையாகப் பார்த்ததில், தமிழ்நாடு முழுவதும் முகாம் ஆண்களின் தொழில் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துபோனது: பெயின்ட் அடிப்பது. மூங்கில் சாரம் கட்டி மூன்றாம் மாடி வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு பட்டி பார்ப்பவர் பி.காம். படித்தவராக இருக்கலாம். விழுந்து அடிபட்டால் ஒப்பந்தக்காரர் கையில் கொடுப்பதுதான் இழப்பீடு.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு நிலைமை இன்னும் இறுகியது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போவது தடுக்கப்பட்டது. கல்லூரி வாசல்கள் மூடின. காவல்துறையின் க்யூ பிரிவின் கண் எல்லார் மேலும் விழுந்தது. ஒரு குற்றத்தின் தண்டனையை அதற்குச் சம்பந்தமே இல்லாத பள்ளிப் பிள்ளைகள் சுமந்தார்கள். அந்தத் தலைமுறை இழந்த பட்டங்களை எந்தக் கணக்கெடுப்பும் காட்டாது. இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் இளைஞர்களையே ஆசிரியர்களாக்கி மாலை வகுப்புகள் நடத்தியிராவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும்.

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் ரூ.317.40 கோடிக்கு நலத்திட்டங்களை அறிவித்தார். அன்றைய கணக்கில் முகாம்களில் இருந்தவர்கள் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர். முகாமுக்கு வெளியே பதிந்து வாழ்ந்தவர்கள் இன்னும் 34,000 பேர். இடிந்த நிலையில் இருந்த 7,469 வீடுகளைத் திரும்பக் கட்டுவதாகச் சொல்லி, 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் 1,591 வீடுகளைத் திறந்தார்கள். சமையலறையும் கழிவறையும் உள்ள வீட்டில் முதல்முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிது என்பதைக் குறைத்துப் பேசவே கூடாது. மாதப் பணக்கொடையும் உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு ரூ.1,500, மற்ற பெரியவர்களுக்கு ரூ.1,000, குழந்தைகளுக்கு ரூ.500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ரூ.3,500. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025–26-க்குத் தமிழ்நாட்டின் கூலி ரூ.336; அந்தக் கணக்கில் இது பத்து நாள் கூலி.

வறுமை மட்டும்தான் பிரச்சினை என்றால் அரசு உதவியும் சொந்த உழைப்பும் சேர்ந்து மூன்று தலைமுறையில் கரையேற்றியிருக்கும். கரையேறவிடாமல் தடுப்பது சொத்துச் சட்டம். அந்நியச் செலாவணி மேலாண்மை விதிகளின்படி, சுற்றுலா விசாவில் வருபவர் இந்தியாவில் நிலம் வாங்க முடியாது. ஆனால் வேலை விசாவிலோ வேறு நீண்டகால விசாவிலோ முந்தைய நிதியாண்டில் 182 நாட்களுக்கு மேல் இங்கே வாழ்ந்த ரஷ்யரோ ஜெர்மானியரோ 'இந்தியாவில் வசிப்பவர்' என்ற கணக்கில் வந்து வீடு வாங்க வழியுண்டு. அதே விதிகளில் தனியாக ஒரு நாடுகளின் பட்டியல் இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, ஆப்கானிஸ்தான், சீனா, ஈரான், நேபாளம், பூட்டான் என்று போகும் அந்தப் பட்டியலிலுள்ள நாட்டவர், எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே அசையாச் சொத்து வாங்க முடியாது; ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகை மட்டும் உண்டு.

2018-இல் இதற்கு ஒரு விலக்கு தந்தார்கள். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாட்டுச் சிறுபான்மையினர் நீண்டகால விசா பெற்றிருந்தால் குடியிருக்க ஒரு வீடும் தொழிலுக்கு ஓர் இடமும் வாங்கலாம். இலங்கைத் தமிழர் அதில் இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அதே மூன்று நாடுகள்தான். அங்கேயும் இலங்கை இல்லை. முப்பத்தைந்து ஆண்டு பெயின்ட் அடித்துச் சேர்த்த பணத்தைக் கால் கிரவுண்டு மனையாக்க முடியாதவர் அதைத் திருமணச் செலவிலும் தங்கத்திலும் கரைக்கிறார். அடகு வைக்கப் பத்திரம் இல்லாதவருக்கு வங்கிக் கடன் எட்டாது, வட்டிக்காரர்தான் கதி. பட்டதாரி மகனைத் தேர்வு செய்யும் தனியார் நிறுவனம் வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப் பாஸ்போர்ட் கேட்கும்போது அவன் பின்வாங்குகிறான். ஆதார் அட்டை கிடைத்துவிட்டது. வாக்காளர் அட்டை கிடையாது. வாக்கு இல்லாத தெருவுக்குக் கவுன்சிலர் எதற்கு வரப்போகிறார்?

இந்த இடத்தில் பூட்டானியரிடம் திரும்ப வேண்டும். லோட்சாம்பாக்கள் நேபாள முகாம்களில் ஒதுங்கிய அதே 1990-களின் தொடக்கத்தில்தான் ஈழத்தமிழரின் இரண்டாம் அலை தமிழ்நாட்டு முகாம்களில் ஒதுங்கியது. இருவரும் தெற்காசிய விவசாயிகள், மீனவர்கள், கூலிகள். 2007 வரை அவர்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் வெளிவேலைக்குப் போக முடிந்ததால் இங்கே நிலைமை சற்று மேல் என்றே சொல்லலாம். பிறகு பூட்டானியர் விமானம் ஏறினார்கள். அமெரிக்காவில் அகதியாக இறங்கியவர் வந்த நாள் முதல் வேலை செய்யலாம். ஓராண்டில் நிரந்தர வசிப்புரிமைக்கும் ஐந்தாண்டில் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். ஓஹையோவின் கொலம்பஸிலும் பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்கிலும் அவர்கள் மளிகைக் கடை வைத்தார்கள், கடன் வாங்கி வீடு வாங்கினார்கள், தேர்தலில் நின்றார்கள். இழப்பில்லாமல் நடக்கவில்லை. 2009 முதல் 2012 வரை அவர்களிடையே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 20.3 என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டது. பேச்சுத் துணையில்லாத முதியோரின் தனிமை எல்லாரையும் உலுக்கியது. 2025-இல் குற்றப் பதிவு உள்ள சிலரை அமெரிக்கா பூட்டானுக்கே நாடு கடத்த, பூட்டான் அவர்களை மறுபடி எல்லைக்கு வெளியே தள்ளிய கொடுமையும் நடந்தது. குடியுரிமை பெற்றுவிட்ட அண்டை வீட்டுக்காரரைத் தொட முடியவில்லை. பெறாமல் விட்டவர் மாட்டிக்கொண்டார்.

எழுதப் படிக்கத் தெரியாமல் போன விவசாயி பதினைந்து ஆண்டில் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிறார். தாய்மொழி பேசும் ஊரில் பட்டம் வாங்கியவர் முப்பத்தைந்து ஆண்டாகியும் முகாம் அறையில் இருக்கிறார். ஒரு சமூகம் உழைத்து முன்னுக்கு வருமா, வராதா என்பதை அதன் கல்வியையும் கலாசாரத்தையும் வைத்து விளக்குபவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் செய்தது கையில் கொடுக்கப்பட்ட காகிதம்.

ஊருக்கு இந்த இருவராலும் என்ன ஆயிற்று என்ற கேள்வியும் உண்டு. மேலைநாட்டவரால் ரமண நகர், பெரும்பாக்கம் சாலைப் பக்கம் வாடகை ஏறியது உண்மை; கடலை விளைந்த நிலம் மனைப் பிரிவாயிற்று. ஆனால் அண்மை ஆண்டுகளில் விலையை விண்ணுக்கு ஏற்றியதில் ஆந்திர, தெலங்கானா பக்தர்களின் பெருக்கத்துக்கும் உள்ளூர் மனை வியாபாரிகளுக்கும் பெரும் பங்குண்டு; பழியை வெள்ளையர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. வந்தவர்களில் சிலர் ஊருக்கு உழைத்தும் இருக்கிறார்கள். மொட்டையாகக் கிடந்த மலையில் 1980-களின் இறுதியில் மரம் நடத் தொடங்கிய முயற்சியில் மேலைநாட்டவரும் உள்ளூர் இளைஞர்களும் சேர்ந்து நின்றார்கள். அந்த வழியில் வந்த ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை இன்றும் கோடையில் மலைத்தீயோடு போராடுகிறது. அவர்களின் மருதம் பண்ணைப் பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள்.  முகாம்வாசி ஊருக்குத் தந்தது சுவர்கள், கட்டடங்கள், குறைந்த கூலி உழைப்பு. அதற்குப் பெயர்ப்பலகை வைக்கும் வழக்கம் எங்கும் இல்லை.

2025 மே மாதம் ஓர் ஈழத்தமிழரின் வழக்கில், உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளுக்கெல்லாம் இடம் தர இந்தியா ஒரு தர்மசாலை அல்ல என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. தெருவுக்குத் தெரு சத்திரமும் மடமும் கட்டி, வழிப்போக்கருக்குச் சோறு போடுவதைப் பெருமையாகக் கருதிய ஊரில் அந்தச் செய்தி பத்திரிகையில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது, கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் தங்கியதற்காக வழக்குப் போட மாட்டார்கள். அச்சம் ஒன்று நீங்கியது, நல்லதுதான். ஆனால் சிறைக்குப் போகாமல் இருக்கும் உரிமைக்கும் வீடு வாங்கும் உரிமைக்கும் இடையே இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

முகாம்களில் இருப்பவர்களில் 29,500 பேர் வரை மலையகத் தமிழர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சம் பிழைக்க இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். 1948-இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா எழுதிக் கொடுத்தது. அந்த வரிசையில் காத்திருக்கும்போதே கலவரம் வந்து, படகேறி ஓடிவந்தவர்கள் இங்கே 'இலங்கை அகதி' ஆனார்கள். இன்றைய திருவண்ணாமலை மாவட்டமே பழைய வட ஆர்க்காட்டின் ஒரு பகுதி. அவர்களில் ஒருவரின் கொள்ளுத்தாத்தா இந்த மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்தே கப்பல் ஏறியிருக்கலாம்.

இவர்களின் வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவர்களைச் சட்டவிரோதமாகக் குடியேறியவர்களாக நடத்தாமல் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. பிறப்பால் உரிமை கோரிய வேறொரு வழக்கில், 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால், 2022-இல் அதே கிளை பாஸ்போர்ட் கொடுக்க உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் அவர் வாக்களித்தார். முகாமிலிருந்து வாக்களித்த முதல் ஆள் அவர்தான் என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. அவருக்கு ஓராண்டு பின்னால், 1987 ஆகஸ்டில், அதே முகாமில் பிறந்தவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. தேதியைத் திருத்த ஒரு சட்டத் திருத்தம் போதும், கேட்கப்படுவது அவ்வளவுதான்.